அத்தை மாட்டிக்கொண்ட குகை

நம் வயதுக்காரர்களுக்குக் கோபம் ஆகாது என்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு, எதற்கும் "போகட்டும் விடு" என்று சொல்லப் பழகிவிட்டோம். நானும் பழகினவள்தான். ஆனால் கல்வராயன் மலைக் குகைக்கோயிலைப் பற்றி யாராவது பேச்செடுத்து, "அங்க ஒரு இடுக்கு இருக்குது பாருங்க, பாவம் பண்ணவங்க அதுல பூந்து வர முடியாது, சாமி புடிச்சிக்கும்" என்று கண்ணை விரித்துச் சொன்னால் மட்டும் என்னால் விட முடிவதில்லை. உங்களில் சிலர் போய் வந்திருப்பீர்கள். நுழைந்து வந்தவர்கள் பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள். மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்கு வந்து வாயே திறந்திருக்க மாட்டார்கள். மாட்டிக்கொண்ட ஒருத்தியைப் பற்றி நான் சொல்கிறேன்.

அவள் என் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் மாமா காமாலையில் செத்துப்போக, கள்ளக்குறிச்சியில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கே திரும்பி வந்தவள். அண்ணன்மார் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று தெருவில் பேச்சு. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த எங்களை அல்லவா கேட்டிருக்க வேண்டும். விடியுமுன் அடுப்பைப் பற்றவைப்பவள் அவள். கழனிக்குக் கூழ் அனுப்புவது, எங்களுக்குத் தலை வாரிவிடுவது, பெரியப்பாவுக்கு வெந்நீர் விளாவுவது எல்லாம் அவள். எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் மிச்சம் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வாள்.

அத்தைக்குப் பெரிய உடம்பு. அவளுக்கு எலும்பே அகலம். அவள் மடியில் நானும் தம்பியும் சேர்ந்தே உட்காரலாம். புடவையில் வறுத்த மல்லி வாசனை வரும். பெரியப்பா நாலு பேர் நடுவில் அவள் உடம்பைக் கேலி செய்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அத்தை சிரிக்க மாட்டாள். "ஒரு நாளு நான் படுத்துக்கினா தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற வாய் அவளுக்கு. அந்த வாய்தான் அவளை அந்தக் குகைக்குக் கொண்டுபோனது.

பெரியப்பாவுக்கு ஒரே பெண். எனக்கு அக்கா. ஒல்லியாக, நிறமாக இருப்பாள். எம்பிராய்டரி போடுவாள், அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு வலிப்பு வரும். சில மாதம் வராது, சில மாதம் அடுத்தடுத்து வரும். பெரியம்மா இடுப்பில் எப்போதும் ஒரு பழைய இரும்புச் சாவி தொங்கும். எந்தப் பூட்டையும் திறக்காத சாவி. அக்கா விழுந்தால் அதை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்துவார்கள். அத்தை மட்டும் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, தெளிகிற வரைக்கும் பக்கத்தில் இருப்பாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம்கூடக் கூட்டிப்போனதில்லை. வரிசையில் நின்றால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். பெண்ணின் உடம்பைவிட ஊர் வாய்தான் அந்த வீட்டில் பெரியது.

அக்காவுக்கு இருபது வயதாகவில்லை, திருக்கோவிலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஏதோ ஆபீசில் வேலை. வலிப்பு விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று பெரியப்பா எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துக் கண்டிப்பாகச் சொன்னார். அத்தை சமையலறை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டே குடுங்க அண்ணா. நாளைக்கு அங்க போயி வுழுந்தா அந்தப் பொண்ண யாரு தூக்குவாங்க?"

"சொன்னா எவன் கட்டுவான்?"

"கட்டறவன் கட்டட்டும். இல்லன்னா வூட்டுலயே இருக்கட்டும். இன்னா கொறஞ்சி போவுது?"

"நீ அடுப்பப் பாரு" என்றார் பெரியப்பா.

அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பெண் பார்க்க வந்தார்கள். அத்தை செய்த கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். பையனுடைய அக்கா, கொல்லையில் கிணற்றடியில் இருந்த மல்லிகைப் பந்தலைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாருக்கும் பிடித்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்தாயிற்று. நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "வலிப்பு இருக்கற பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாங்க. எங்கிட்ட மறச்சிட்டீங்களேங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பெரியப்பா சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "இது வெளிய இருந்து போன சேதி இல்ல, வூட்டுக்குள்ள இருந்து போனது" என்றார். சொல்லும்போது அத்தையைத்தான் பார்த்தார். பெரியம்மாவும் அத்தையைப் பார்த்தாள். அக்கா தலை குனிந்திருந்தாள்.

"நான் சொல்லல" என்றாள் அத்தை.

"அன்னைக்கு வாய் கிழிய பேசினது யாரு?"

"ஒங்க மூஞ்சிக்கு நேராப் பேசினேன். அவங்ககிட்ட பேசல."

"அப்ப சாமி சொல்லட்டும்" என்றார்.

என் அப்பா அங்கேதான் இருந்தார். கூடப்பிறந்த தங்கை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். என் அப்பா நல்லவர் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த நல்லவருடைய வாயிலிருந்து அன்று ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

எங்களுக்கு முழுப் பரீட்சை லீவு. சித்திரை வெயிலில் ஊர் வெந்துகொண்டிருந்தது. பெரியப்பா வாடகை ஜீப் பிடித்தார். அப்போதெல்லாம் மலைக்கு பஸ் அபூர்வம். குழந்தைகளுக்கு என்ன தெரியும், நாங்கள் சுற்றுலா போவதுபோலக் குதித்தோம். அத்தை இருட்டிலேயே எழுந்து எல்லாருக்கும் புளிசாதம் கிளறி, வாழையிலையில் கட்டி, தூக்கில் தயிர்சாதம் வைத்துக் கொண்டுவந்தாள். தன்னைச் சோதனை செய்யக் கூட்டிப்போகிறவர்களுக்குத் தானே சோறு கட்டிக்கொண்டு வந்தாள் என்பது இப்போது எழுதும்போதுதான் எனக்கு முழுசாக உறைக்கிறது.

மலைப்பாதையில் ஜீப் திரும்பத் திரும்ப, வெயில் கழன்று கீழே விழுந்ததுபோல இருந்தது. காது அடைத்தது. தம்பி வாந்தி எடுத்தான். அத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அவன் மூக்கருகே எலுமிச்சம்பழத்தைக் கீறிப் பிடித்தாள். வெள்ளிமலையில் இறங்கி டீ குடித்தோம். சாலையோரம் பலாப்பழங்கள் குவியலாகக் கிடந்தன. மலைக்காரப் பெண் ஒருத்தி ஒரு பழத்தை அரிந்து சுளைகளைக் கையில் கொடுத்தாள். அந்தச் சுளையின் ருசி எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதுவும் சேர்ந்தே நினைவிருக்கிறதே என்று எரிச்சலாக இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் ஜீப், பிறகு நடை. சாமை அறுத்த காடு, அதற்கப்பால் பாறை. பாறையின் அடியில் குனிந்து நுழைகிற வாய்தான் கோயில். கோபுரமும் இல்லை, மண்டபமும் இல்லை. ஒரு வேல், ஒரு மணி, கற்பூரக் கரி படிந்த கல். உள்ளே இருட்டு, வவ்வால் எச்ச நாற்றம், எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். பாறை ரெண்டாகப் பிளந்ததுபோல ஒரு இடுக்கு. அதற்கு அந்தப் பக்கம் சாமி. தானாக வளர்ந்த லிங்கம். மேலிருந்து சொட்டுகிற தண்ணீர் அதன் தலையில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த இடம் அழகான இடம், இல்லையென்று சொல்ல மாட்டேன். சாமியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் பேசாமல் ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். பேசினதெல்லாம் மனிதர்கள்.

பூசாரி மலைக்காரர். அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெரியப்பாவிடம், "பின்னால ஒரு வழி இருக்குதுங்க. நாங்க எண்ணெ டின்னு கொண்டாறதெல்லாம் அது வழியாத்தான். அந்தம்மாவ அப்பிடி இட்டுகினு வரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேணாம். அவ இது வழியாத்தான் வரணும்" என்றார் பெரியப்பா.

சொல்லிவிட்டு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவர் அந்தப் பின்வழியாகப் போனார். இடுப்பு வலியாம். பெரியம்மாவும் கூடப் போனாள், மூட்டு வலியாம். இது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். குழந்தைக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். அப்போது எனக்குப் புரியவில்லைதான். ஆனால் பார்த்தது மறக்கவில்லை.

இடுக்கு வழியாக முதலில் அக்கா போனாள். பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துக்கொண்டு, பாவாடை பாறையில் உரசுகிற சத்தத்தோடு நழுவிப் போய்விட்டாள். பிறகு அம்மா, தம்பி. அத்தை என்னைத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். எங்களுக்குப் பின்னால் வேறு ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அப்பா வெளியே வேலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

அத்தை இடுக்கைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என் முந்தானிய புடிச்சிக்கோ" என்றாள். முதலில் ஒரு தோள் போனது, தலை போனது. மார்பை அழுத்திக்கொண்டு பாதி போனாள். இடுப்பில் நின்றுவிட்டது.

முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அவள் கால் பாறையில் வழுக்கி வழுக்கித் தேய்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. "மாட்டிக்கிச்சி, மாட்டிக்கிச்சி" என்றது ஒரு குரல். "இன்னா பண்ணிச்சோ" என்றது இன்னொன்று. ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள், ஏதோ தொற்றுகிற நோயைக் கண்டதுபோல.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. குகைக்குள் அது ரெண்டு மடங்காகக் கேட்டது.

"இப்பவாவது உண்மையச் சொல்லு. சொன்னா வுட்டுடும்."

கூடப்பிறந்தவள் பாறைக்குள் நசுங்கிக்கொண்டிருக்கிறாள். கையைக் கொடுத்து இழுப்பதை விட்டுவிட்டு விசாரணை நடத்துகிறார். அந்த நேரத்துக்காகவே ஜீப் பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். அவள் உடம்பு அதற்குள் போகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தினமும் அந்த உடம்பைக் கேலி செய்தவருக்கு அளவு தெரியாதா?

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நான் சொல்லல. ஆனா சொல்லியிருக்கணும். இப்பத்தான் தோணுது. மறச்சிக் கட்டிக்குடுத்து, அது அங்க அடுப்புல வுழுந்து செத்தா ஒனக்கு இன்னா, எனக்கு இன்னா? சொன்னவங்க யாரா இருந்தாலும் நல்லாருக்கட்டும்."

"கேட்டுக்கிட்டீங்களா, ஒத்துக்கிட்டா" என்றார் பெரியப்பா.

அவள் சொன்னது அவருக்கு அப்படித்தான் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு எப்படி விழுந்தது என்று பின்னாளில் கேட்டேன். "எனக்கும் சரியாக் கேக்கல" என்றாள். குகைக்குள் இருந்த வவ்வாலுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

பூசாரிதான் கடைசியில் ஓடிவந்தார். விளக்கெண்ணெய்ச் சொம்பை எடுத்துப் பாறையிலும் அத்தையின் இடுப்பிலும் ஊற்றினார். "மூச்ச வுட்டுட்டு தளத்துங்கம்மா, பயப்படாதீங்க, இது அடிக்கடி நடக்கறதுதான்" என்று சொல்லிக்கொண்டே, தெரியாத ஊர்ப் பெண்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டு இந்தப் பக்கமாக மெல்ல இழுக்கச் சொன்னார். நானும் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்தபோது தோளில் தோல் உரிந்திருந்தது. பச்சைச் சீட்டிப்புடவை இடுப்புப் பக்கம் கிழிந்து, எண்ணெயும் கரியுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை சாமியைப் பார்க்கவே இல்லை. வெளியே வந்து பாறைமேல் உட்கார்ந்தாள். அப்பா அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

புளிசாதத்தை எல்லாரும் சாப்பிட்டார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் கட்டிக்கொண்டுவந்த இலையைப் பிரித்து, மரத்தடியில் உட்கார்ந்து, ருசியாக இருக்கிறது என்று சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் பெரியம்மா எண்ணெய் படாமல் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் அத்தை அடுப்படிக்குப் போனபோது, "நீ இனிமே சமையக்கட்டுல கை வைக்காத. சாமியே காட்டிக்குடுத்துடுச்சி" என்றாள். அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். பிறகு தன் டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கினாள். பெரியப்பாவிடம் போய், "நான் போறேன் அண்ணா. நீங்களே சமச்சிக்கோங்க" என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூடவே ஓடினேன். அழுதது நான் மட்டும்தான். "போயி சாப்புடு, போ" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

அந்த பஸ் போய் நின்ற திருக்கோவிலூரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வந்து நின்றவளிடம் அரிசிக் கடை பாய் ஒருவர் ஊர் பேர் விசாரித்துவிட்டு, தன் கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தாராம். "சும்மா பூட்டிதாம்மா கெடக்குது" என்று பாயம்மா சாவி கொடுத்தாளாம். சொந்த அண்ணன்மார் வீட்டில் கிடைக்காத இடம் அங்கே கிடைத்தது. அத்தை இட்லி சுட்டு விற்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அந்த வருஷம் தை மாதமே அக்காவுக்கு வேறு இடத்தில், ஆத்தூர்ப் பக்கம், கல்யாணம் முடித்தார்கள். மறுபடியும் மறைத்துத்தான். ரெண்டே மாதம். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வலிப்பு வந்து, வலது கை தணலில் விழுந்துவிட்டது. புகுந்த வீட்டுக்காரர்கள் கட்டுப்போட்ட கையோடு கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று தெருவே கேட்கத் திட்டிவிட்டுப் போனார்கள். பெரியப்பா இதற்கும் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார். தன்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சாகிற வரைக்கும் வரவில்லை. அவர் செத்தபோது ஊரே திரண்டு வந்தது. நேர்மையான மனிதர் என்று மைக் வைத்துப் பேசினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

செய்தி எப்படியோ அத்தைக்கு எட்டியது. ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "துணிய எடுத்துக்கினு வா" என்று அக்காவைக் கூப்பிட்டாள். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை அவள் பக்கமே திரும்பவில்லை. அக்கா ஒரு பையோடு இறங்கிப் போனாள். அத்தை அவளை முதலில் கூட்டிப்போனது பெரியாஸ்பத்திரிக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், தவறாமல் போடச் சொன்னார். வலிப்பு கம்மியாயிற்று. பிறகு வருஷக்கணக்கில் வரவில்லை. அந்த மாத்திரை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலும் இருந்தது. எல்லாக் காலத்திலும் இருந்தது.

அடுத்த லீவில் நான் அடம்பிடித்து அங்கே போய்த் தங்கினேன். ஒரு சாயங்காலம் அத்தை உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் படிக்கட்டில் இருந்தேன். அக்கா தலை நிமிராமல் சொன்னாள்.

"அத்தே, கெணத்தாண்ட அந்தப் பையனோட அக்காகிட்ட சொன்னது நான்தான்."

குழவி நின்றது.

"இன்னான்னு சொன்ன?"

"எனக்கு வலிப்பு வரும், தெரிஞ்சிக்கினு கட்டிக்கறதா இருந்தா கட்டிக்கச் சொல்லுங்கன்னு."

"நான் கல்லுல மாட்டிக்கினு கெடக்கும்போது நீ அந்தாண்டதான நின்னுகினு இருந்த?"

"ஆமா. அப்பா பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. வாய் வரல அத்தே."

அத்தை குழவியிலிருந்து கையை எடுத்தாள். மாவு கையோடு எழுந்து குழாயடிக்குப் போனாள். கையைக் கழுவினாள், முகத்தைக் கழுவினாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அக்காவும் அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் மலையில இருந்து நேரா இங்க வந்திருக்கலாம்" என்றாள் அத்தை. "இந்தக் கையாவது வேவாம இருந்திருக்கும்."

அக்கா விம்மி விம்மி அழுதாள். அத்தை அவளை அழ விட்டாள். இருட்டத் தொடங்கியதும், "அளுதது போதும், மாவ வழி. காலைல ஆளுங்க வந்து நிப்பாங்க" என்றாள். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு மாவை வழித்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் ரெண்டு பேரும் அந்தக் குகையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது. கோபப்பட எனக்குத்தான் நேரம் கிடைத்தது.